அமெரிக்கன் ஜக்கலோ: உறுமி மேளப் பையன்களோடு உட்கார்ந்து பார்க்க ஒரு படம்

மொத்தம் 23 நிமிடம். இணையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. பின்னணிக் குரல் இல்லை. கண்ணாடி போட்ட நிபுணர் யாரும் வந்து விளக்கம் சொல்வதில்லை. எந்த இசைக்குழுவின் ரசிகர்களைப் பற்றிய படமோ அந்தக் குழுவின் பேட்டிகூட இல்லை. ஷான் டன் என்ற இயக்குநர் 2011 ஆகஸ்டில், இலினாய் மாநிலத்தில் ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் கேவ்-இன்-ராக் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே கூடாரம் அடித்துத் தங்கியிருந்த 'இன்சேன் கிளவுன் பாசி' ராப் குழுவின் ரசிகர்களை நிற்க வைத்துப் பேச விட்டார். அவ்வளவுதான் படம்.

பார்க்கலாமா என்று கேட்டால், கண்டிப்பாகப் பார்க்கலாம். ஆனால் இதைப் பாதிப் படம் என்று வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். மீதிப் பாதி படம் எடுத்து முடிந்த இரண்டு மாதம் கழித்து, வாஷிங்டனில் ஓர் அரசாங்க அறிக்கையாக வந்தது. கோலாலம்பூரில் உறுமி மேளம், தைப்பூசம், முதுகில் குழுப் பெயர் போட்ட டி-சட்டை என்று வளர்ந்தவர்களுக்கு அந்த மீதிப் பாதிதான் சட்டென்று விளங்கும்.

முதலில் ஆட்கள் யார் என்று பார்ப்போம். இன்சேன் கிளவுன் பாசி என்பது டெட்ராய்ட் வட்டாரத்து ராப் இரட்டையர்: வயலண்ட் ஜே, ஷாகி டூ டோப். கோமாளி முகப்பூச்சோடு மேடை ஏறுவார்கள். பாட்டில் கோடரி, பிணம், பேய் எல்லாம் வரும். இந்த வகைக்கு ஹாரர்கோர் என்று பெயர். 1992 முதல் 2002 வரை வந்த ஆறு ஆல்பங்களை 'ஜோக்கர் சீட்டு' என்று வரிசைப்படுத்தி, 'டார்க் கார்னிவல்' என்ற ஒரே கதைக்குள் கோத்தார்கள். செத்தவனின் பாவ புண்ணியத்தைக் கணக்குப் பார்க்கும் திருவிழாப் பொட்டல் அது. நம் ஆட்களுக்குச் சித்திரகுப்தன் என்று சொன்னால் போதும், புரிந்துவிடும். 1997-இல் நான்காவது சீட்டை வெளியிட்ட டிஸ்னியின் இசை நிறுவனம், கடைக்கு வந்த அன்றே அதைத் திரும்பப் பெற்றது. அதற்குப் பிறகு ரசிகர் கூட்டம் குறையவில்லை, கூடத்தான் செய்தது.

இவர்களின் ரசிகன் ஜக்கலோ, ரசிகை ஜக்கலெட். 2000-இல் மிச்சிகனின் நோவை நகரில் ஒரு கண்காட்சி மண்டபத்தில் தொடங்கிய ஆண்டுவிழா, 2007 முதல் 2013 வரை கேவ்-இன்-ராக்கில் நடந்தது. சில நூறு பேர் வாழும் ஊர். அங்கே நாலு நாள், ஆயிரக்கணக்கான கூட்டம், கச்சேரி, மல்யுத்தம், கூடாரம். டன் படம் எடுத்தது இந்த விழாவின் பன்னிரண்டாம் ஆண்டில்.

படத்தின் பலம் அதன் நிதானம். கார், கூடாரம், மர நிழல் என்று எங்கே ஆள் இருக்கிறானோ அங்கேயே நிறுத்தி, முகத்தை நேராகப் பார்த்து எடுத்திருக்கிறார்கள். படப்பிடிப்பு அழகாக இருக்கிறது. கொஞ்சம் அதிக அழகாகவே இருக்கிறது என்று சொல்லலாம். அந்த வெயில் வெளிச்சத்தில் குப்பைத்தொட்டிகூட ஓவியம் போலத் தெரியும். பேசுகிறவர்கள் சொல்வதைத் திரட்டினால் ஒரே சேதி: பள்ளிக்கூடத்தில் ஒதுக்கப்பட்டோம், வீட்டில் ஒட்டவில்லை, இங்கே வந்தால் முன்பின் தெரியாதவன் கட்டிப்பிடிக்கிறான். கூடவே போதைப்பொருள் பேச்சும், வெளிப்படையான பயன்பாடும், உடம்பு காட்டும் காட்சிகளும், கெட்ட வார்த்தையும் ஏராளம். பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற படம் இல்லை.

கேமராவுக்குப் பின்னால் இருப்பவர் எதுவுமே சொல்லாததால், பார்க்கிறவன் சிரிக்கவும் செய்யலாம், நெகிழவும் செய்யலாம். இரண்டுக்கும் படம் இடம் கொடுக்கிறது. இதை நேர்மை என்று பாராட்டுகிறவர்கள் உண்டு. இதில் கொஞ்சம் தப்பித்தலும் இருக்கிறது. போதையில் உளறுகிற ஒருவனை அழகான வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு, 'நான் எதுவும் சொல்லவில்லையே' என்று ஒதுங்கிக்கொள்வது எளிது.

சொந்தம் எப்படி உண்டாகிறது என்பதைப் படம் விளக்குவதில்லை, காட்டுகிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அது கண்ணில் படும்.

முதல் அடையாளம் கூப்பாடு. 'வூப் வூப்' என்று ஒருவன் கத்தினால் கேட்கிறவன் திருப்பிக் கத்த வேண்டும். பத்துமலைப் படியில் ஒருவர் 'வேல் வேல்' என்றதும் முன்பின் தெரியாதவர் வாயிலிருந்து 'வெற்றிவேல்' வருகிறதே, அந்த இயந்திரம்தான் இதுவும். பெயர் தெரிய வேண்டாம், ஊர் தெரிய வேண்டாம். பதில் வந்தால் நம்ம ஆள்.

இரண்டாவது ஃபேகோ. டெட்ராய்ட்டில் 1907-இல் ரொட்டிக்கடைச் சகோதரர்கள் இருவர் தொடங்கிய மலிவு சோடா. பெரிய நிறுவனச் சோடாவுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகள் குடித்து வளர்ந்தது. தீபாவளிக்கு வாசலில் அடுக்கும் எஃப் அண்ட் என் ஆரஞ்சு, ஸ்ட்ராபெரி பாட்டிலுக்கு நம் நினைவில் என்ன இடமோ, அந்த ஊர்ப் பையன்களுக்கு இதற்கு அந்த இடம். கச்சேரியில் இரண்டு லிட்டர் பாட்டில்களை நூற்றுக்கணக்கில் குலுக்கிக் கூட்டத்தின் மேல் பீய்ச்சுவார்கள். குளிர்ந்த சோடாவில் வாயு அடங்கிக் கிடக்கும். சூடான பாட்டிலைக் குலுக்கினால்தான் பீறிட்டு அடிக்கும், அதனால் பனிக்கட்டியில் வைத்தது இதற்கு உதவாது. இதைப் பார்த்து இங்கே ஆண்டுவிழாவில் செய்து பார்க்க நினைக்கும் குழுவுக்கு ஒரு வார்த்தை: சர்க்கரைத் தண்ணீர் ஸ்பீக்கர் கூம்பிலும் மைக் வலையிலும் காய்ந்தால் ஒலி மந்தமாகிவிடும். மின்கம்பி இணைப்பில் இறங்கினால் அதைவிட மோசம். தோல் வாத்தியத்தின் மேல் பட்டால் கதையே முடிந்தது. ஈரம் குடித்த தோல் தொய்ந்து சுருதி இறங்கும். மழைக்காலத்தில் உறுமி தூக்கிய யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது முகப்பூச்சு. இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம். எண்ணெய்ப் பசையுள்ள வெள்ளை முதலில் வரும். கறுப்பு வர வேண்டிய இடத்தை வெள்ளை பூசாமல் வெறுமையாக விட வேண்டும். பிறகு பவுடர் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் கறுப்பு, மறுபடியும் பவுடர். பவுடரைத் தவிர்த்தாலோ, வெள்ளையின் மேலேயே கறுப்பைப் பூசினாலோ, ஆகஸ்டு மாத வியர்வையில் மத்தியானத்துக்குள் இரண்டும் கலந்து முகம் சாம்பல் நிறமாகிவிடும். கூட்டத்தில் சுத்தமான கோடு நிற்கிற முகம் எது, நரைத்துப்போன முகம் எது என்று பாருங்கள், அனுபவசாலி யாரென்று தெரிந்துவிடும். சோப்பால் கழுவினால் வராது. தேங்காயெண்ணெய் தடவி, துணியால் துடைத்து, அதற்கப்புறம்தான் சோப்பு. 2019-இல் இந்தப் பூச்சைப் பற்றி ஒரு சுவையான செய்தி வந்தது. வாயைச் சுற்றியும் தாடையிலும் வரும் கறுப்புப் பட்டை, தாடைக்கோடு எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் பல முகமறியும் மென்பொருள்களைக் குழப்பிவிடுகிறது. ஆழத்தை அளக்கும் ஐபோன் வகைப் பூட்டு மட்டும் ஏமாறாது.

நான்காவது ஹேட்செட்மேன். கையில் கோடரியோடு ஓடும் மனிதனின் பக்கவாட்டு நிழலுருவம், சைக்கோபாதிக் ரெக்கார்ட்ஸ் என்ற அவர்களின் சொந்த நிறுவனத்தின் முத்திரை. சட்டையில், பதக்கத்தில், கார்க் கண்ணாடியில், தோலில் பச்சையாக, எங்கும் இருக்கும். இங்கே படம் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறது. இந்தச் சொந்தம் ஒரு வியாபாரமும்கூட. நுழைவுச் சீட்டு, சட்டை, பதக்கம் எல்லாம் விற்பது அந்த இருவரின் நிறுவனம்தான். அதனால் பாசம் பொய்யாகிவிடாது. ஆனால் குடும்பம் என்று வாய்நிறையச் சொல்கிறவர்களை 23 நிமிடம் காட்டுகிற படம், குடும்பத் தலைவர் சட்டை விற்கிறார் என்பதை ஒரு காட்சியிலாவது சொல்லியிருக்கலாம். படம் எடுப்பதற்கு முந்தைய ஆண்டு இதே விழாவில், மேடையேறிய ஒரு பிரபலத்தைக் கல்லாலும் பாட்டிலாலும் அடித்து ரத்தக் காயத்தோடு விரட்டியதும் இந்தக் குடும்பம்தான். அந்த வாசலுக்கு வெளியே நிற்பவர் பாடு என்ன என்பதையும் நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இனி மீதிப் பாதி.

2011 அக்டோபரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. தரப்பின் தேசியக் குண்டர் கும்பல் மதிப்பீட்டு அறிக்கை வெளியானது. அதில் ஜக்கலோக்களைத் 'தளர்வாக அமைந்த கலப்புக் கும்பல்' என்று எழுதியிருந்தார்கள். அரிசோனா, கலிஃபோர்னியா, பென்சில்வேனியா, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் இவர்களைக் கும்பலாக ஏற்றிருப்பதாகவும் அதில் இருந்தது. குற்றம் செய்த ஜக்கலோக்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. சிக்கல் என்னவென்றால், உறுப்பினர் அட்டை இல்லாத, சந்தா இல்லாத கூட்டம் இது. சட்டை போட்டவன் எல்லாம் ஜக்கலோ. அப்படியானால் சட்டை போட்டவன் எல்லாம் குண்டர்.

2014 ஜனவரியில் இசைக்குழுவும் ரசிகர்கள் நால்வரும் அமெரிக்கக் குடியியல் உரிமைகள் சங்கத்தின் மிச்சிகன் கிளையின் துணையோடு வழக்குப் போட்டார்கள். மனுவில் இருக்கும் இரண்டு கதைகள் படத்தைவிடக் கனமானவை. லாரி ஓட்டுநர் ஒருவர், வண்டியில் ஹேட்செட்மேன் படம் இருந்ததற்காக டென்னசியில் எடை நிலையத்தில் நிறுத்தி விசாரிக்கப்பட்டார். ராணுவத்தில் சேர வந்த ஒருவரிடம் பச்சை குத்தியிருப்பது கும்பல் அடையாளம் என்றார்கள். அவர் நூற்றுக்கணக்கான டாலர் செலவழித்து அதன் மேல் வேறு பச்சை குத்தி மறைத்துக்கொண்டு போன பிறகும் எடுக்கவில்லை. வழக்கு 2014 ஜூனில் தள்ளுபடியானது, 2015 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உயிர்பெற்றது, 2017 டிசம்பரில் ஒரேயடியாக முடிந்தது. நீதிமன்றம் சொன்ன காரணத்தைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். அறிக்கை யார் மீதும் சட்டப்படி எதையும் சுமத்தவில்லை, உள்ளூர் போலீஸ் அதைப் படித்துவிட்டு எதைச் செய்தாலும் அது உள்ளூர் போலீஸின் சொந்த முடிவு. எழுதியவர் மேல் பழி இல்லை, படித்தவர் மேல் வழக்கு இல்லை. அதே ஆண்டு செப்டம்பர் 16-ஆம் தேதி வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் முன்னால் கோமாளி முகங்களோடு ஊர்வலம் நடத்தினார்கள். இந்த வழக்கைச் சொல்லும் முழுநீள ஆவணப்படம் 2021-இல் தனியாக வந்தது. 23 நிமிடத்தைப் பார்த்தவர்கள் அதையும் தேடிப் பார்ப்பது நல்லது. கலை என்ற வகையில் பழைய படம்தான் மேல்.

நம் ஊருக்கு வருவோம். 2013 ஆகஸ்டில் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. பலவற்றுக்குப் பெயரே எண்தான்: 04, 08, 36. உறுப்பினர்கள் 40,000-க்கும் மேல், அதில் 28,000-க்கும் மேற்பட்டோர் இந்தியர்கள் என்றது அமைச்சு. ஓர் உறுமி மேளக் குழுவின் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் அதன் பிறகு, கறுப்புச் சட்டையில் பத்துப் பையன்கள் சேர்ந்து நின்றால் எண் எங்கே இருக்கிறது என்று தேடுகிற கண் வந்துவிட்டது. சட்டைக்குப் பின்னால் ஆண்டைப் போட்டாலும் சந்தேகம், குழு தொடங்கிய தேதியைப் போட்டாலும் சந்தேகம். இரண்டையும் ஒன்றென்று சொல்ல முடியாது. அங்கே ரசிகர்களையே பட்டியலில் ஏற்றினார்கள், இங்கே பட்டியலின் நிழல்தான் விழுந்தது. உறுமி இறை வாத்தியம், ஹாரர்கோர் அப்படியில்லை. அதே சமயம் மேளக் குழுக்களுக்குள் அடிதடி நடந்ததே இல்லை என்று சாதிப்பதும் நேர்மையாகாது.

ஒத்துப்போவது உள்ளே இருக்கும் அமைப்பு. தோட்டம் கலைந்து அடுக்குமாடி வீட்டுக்கு வந்த குடும்பத்தில் அப்பாவுக்கு இரவு வேலை, அம்மாவுக்குத் தொழிற்சாலை. சாயங்காலம் பையனுக்கு எங்கே போவதென்று தெரியாது. கோயில் பின்புறத்தில் பயிற்சி நடக்கிறது. புதுப் பையன் கையில் முதல் நாளே உறுமியைத் தூக்கிக் கொடுப்பதில்லை. வளைந்த குச்சியால் இடது தோலைத் தேய்த்து அந்த உறுமலை எழுப்புவது எளிதில் வராது. அழுத்தம் கூடினால் சத்தம் செத்துவிடும், குறைந்தால் வெறும் சரசரப்பு. அதுவரை அண்ணன்களுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், தூக்க வேண்டும், துடைக்க வேண்டும். 'அண்ணே' என்று கூப்பிடப் பழகுவது அங்கேதான். படத்தில் கூடாரத்துக்குக் கூடாரம் 'ஃபேம்லி' என்று கேட்கும்போது இதுதான் நினைவுக்கு வரும்.

குழு நடத்துகிறவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் பாடம் ஒன்று இருக்கிறது. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, தற்காலிகமோ நிரந்தரமோ, ஏழு பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் அது சங்கம். உறுமி மேளம் ஏழு பேரோடு நிற்பது அபூர்வம். பதிவு, பொறுப்பாளர் பெயர், உறுப்பினர் பட்டியல் இருந்தால், 'யார் உங்கள் ஆள், யார் இல்லை' என்ற கேள்விக்குக் காகிதத்தில் பதில் இருக்கும். ஜக்கலோக்களிடம் அந்தக் காகிதம் இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு எவனோ செய்த குற்றத்தை 'அவன் எங்கள் ஆள் இல்லை' என்று மறுக்க வழியும் இல்லாமல் போனது.

அடுத்து, இதைத் திரையிட நினைப்பவர்களுக்கு. வீட்டுக் கூடத்தில் நாலு பேர் பார்ப்பது வேறு, மண்டபம் எடுத்துப் பொதுவில் போடுவது வேறு. பொதுத் திரையிடலுக்கு 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி தணிக்கை வாரிய அனுமதி வேண்டும். இலவசப் படம், ஆவணப்படம், டிக்கெட் இல்லை என்பதெல்லாம் சாக்காக எடுபடாது. இலங்கைப் போரின் இறுதிக் கட்டம் பற்றிய ஓர் ஆவணப்படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் அனுமதியின்றித் திரையிட்டதற்காக, மனித உரிமைச் செயற்பாட்டாளர் ஒருவருக்கு 2017-இல் 10,000 வெள்ளி அபராதம் விதித்தார்கள். நம் சமூகத்தில் அதை மறந்தவர்கள் குறைவு. இந்தப் படத்தில் இருக்கும் போதைக் காட்சிகளோடு அனுமதி கிடைப்பது கடினம். ஆகவே வீட்டில், பெரியவர்கள் மட்டும்.

பேச்சு வேகம் அதிகம், கொச்சையும் அதிகம். திரையடியில் தமிழ் வசன வரி (சப்டைட்டில்) இல்லாமல் பாதி நழுவிவிடும். சொந்தமாகப் போடுகிறவர்கள் வரிக்கு 30 முதல் 35 எழுத்து, ஒரு நேரத்தில் இரண்டு வரி, குறைந்தது ஒரு வினாடி, அதிகபட்சம் ஏழு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் வாக்கியம் ஆங்கிலத்தைவிட நீளும் என்பதால் சொல்லுக்குச் சொல் போட்டால் திரை நிரம்பிவிடும். திட்டுகளை மூன்றில் ஒன்று வைத்தால் போதும், தொனி வந்துவிடும். கோப்பை யு.டி.எஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் சேமியுங்கள். அப்படியும் பழைய தொலைக்காட்சியில் யு.எஸ்.பி. செருகிப் போட்டால் 'கொ' உடைந்து கொம்பு தனி, கால் தனியாக நிற்கும். எழுத்துருவை எத்தனை தடவை மாற்றினாலும் தீராது, ஏனென்றால் குறை அந்தக் கருவியின் எழுத்துச் சேர்க்கும் முறையில் இருக்கிறது. எழுத்தைப் படத்திலேயே நிரந்தரமாகப் பதித்துவிடுவதே வழி. தொடக்கத்தில் சரியாக இருந்த எழுத்து போகப் போகப் பிந்தினால், வினாடிக்கு 25 சட்டகம் ஓடும் பிரதிக்கும் 23.976 சட்டகம் ஓடும் பிரதிக்கும் உள்ள வேறுபாடுதான் காரணம். 23 நிமிட முடிவில் ஏறக்குறைய ஒரு நிமிடம் தள்ளிப்போயிருக்கும். தொடக்கத்தை மட்டும் நகர்த்திச் சரிசெய்ய முடியாது, முழுக் கோப்பின் வேகத்தையும் மாற்ற வேண்டும்.

'ஃபேம்லி' என்ற சொல்லுக்குக் 'குடும்பம்' என்று போடாதீர்கள். முன்பின் தெரியாதவனைப் பார்த்துக் 'குடும்பமே' என்று எந்தத் தமிழனும் கூப்பிடமாட்டான். 'நம்ம ஆளு' என்று போட்டால் சில இடத்தில் சரியாக உட்காரும், சில இடத்தில் 'சொந்தம்'. ஒருவரையொருவர் 'நிஞ்ஜா' என்று கூப்பிடும் இடங்களில் 'மச்சான்' தாராளமாகப் போடலாம். 'வூப் வூப்' மட்டும் அப்படியே இருக்கட்டும்.